கம்மி என்றால் தண்ணீர் என்று நம்பாதே

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

நீ பிறந்து, வளர்ந்து, மீசை அரும்பி, வேலைக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைவிட்டுப் புறப்படும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அன்றைய உன் வயதைவிடச் சின்னவளாக இருந்தபோது உன் அம்மா எழுதியது இது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். வெளியூர் போகும் மகனுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம் ஒன்று எழுதி வாருங்கள் என்று தமிழ் மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இன்று யாரும் நலமாக இல்லை. அதனால் வீட்டுப்பாடத்தை அப்புறம் வேறு தாளில் எழுதிக்கொள்கிறேன். இது உனக்கு மட்டும்.

போர்வைக்குள் அம்மாவின் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் அப்பா படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்பது கயிறு முனகுவதில் தெரிகிறது. கட்டிலுக்குக் கீழே இரண்டு அருவாள்கள் இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று சாயங்காலம் பெரியப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. காலையில் இருவரும் பஸ் ஏறி அரூருக்குப் போகப்போகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் கை உடைந்து ஒருவர் கிடக்கிறார். அந்தக் கையை இன்று காலை உடைத்தது அப்பாதான். மிச்சத்தை நாளைக்கு முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் அந்த அருவாள் பெரியப்பாவின் கழுத்துக்குப் போகும். இதுதான் விஷயம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடும் நிலமும் ஏரியூர் போகும் சாலையை ஒட்டி இருக்கின்றன. சாலையோரம் அப்பாவின் பங்கு, அதற்குப் பின்னால் பெரியப்பாவின் பங்கு. அப்பாவின் பங்கில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காய்ந்து நிற்கும். பெரியப்பாவின் பாக்குத் தோட்டம் மட்டும் எந்தக் கோடையிலும் பச்சையாக இருக்கும். "அண்ணன் கை ராசி" என்று அப்பா சொல்வார். அப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது பெரியப்பாதான். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அப்பா எதையாவது தூக்கி எறிந்தால் அதைப் பொறுக்கி எடுத்து வைப்பவர் அவர். இதை நீ நினைவில் வைத்துக்கொள்; பின்னால் தேவைப்படும்.

அப்பா முன்பு இரண்டு தடவை ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போட்டார். இரண்டுக்கும் தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறவர் வந்துதான் இடம் சொன்னார். இரண்டிலும் தண்ணீர் வரவில்லை, பாறைத்தூள் புகைதான் வந்தது. இந்தத் தடவை மாட்டை விற்றுவிட்டு, மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்று அரூரிலிருந்து ஒரு ஜியாலஜிஸ்ட்டை வரவழைத்தார். ஒல்லியான மனிதர். பைக்கில் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, நான்கு இரும்புக் குச்சிகள், ராட்டையில் சுற்றிய வயர். நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். "பாப்பா பிசிக்ஸ் படிக்குதா? அப்ப வா, நீதான் அசிஸ்டெண்ட்" என்றார். வெளிக் குச்சியைச் சுத்தியால் அடித்து இறக்குவதும், மண் காய்ந்திருந்தால் அடியில் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. அவர் பெட்டியைப் பார்த்து எண் எழுதுவார், "சரி" என்று கத்துவார், நான் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போவேன். குச்சிகள் தள்ளிப் போகப் போக கரண்ட் இன்னும் ஆழத்துக்கு இறங்கிப் போய்த் திரும்புமாம்.

"பூமிக்கு ஷாக் குடுத்தா தண்ணி கக்கிடுமாங்க சார்?" என்று பெரியப்பா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "கக்காதுங்க. ஆனா எந்த எடத்துல கரண்ட் சுலபமா போவுது, எங்க முட்டிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லும். காஞ்ச பாறையில போவாது, ரீடிங் ஏறிடும். ஈரம் இருந்தா சுலபமா போவும், ரீடிங் கம்மியாயிடும்."

"அவ்ளோதானே. கம்மின்னா தண்ணி" என்றார் அப்பா.

"அவசரப்படாதீங்கண்ணா. களிமண்ணுலயும் கம்மியாதான் வரும். உப்புத் தண்ணியிலயும் வரும். இரும்பு கெடந்தாலும் வரும். ஒரு நம்பர வெச்சி முடிவு சொல்லக்கூடாது."

அப்பா அதைக் கேட்கவில்லை. கம்மின்னா தண்ணி என்பது அவருக்குப் பாட்டு மாதிரி பிடித்துப்போனது. எனக்கு அப்புறம் சார் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். எங்கள் பகுதியில் வழக்கமாகக் கோடு கொஞ்சம் இறங்கி, பாறை வந்ததும் மலையேறுவது போல் ஏறிவிடும். இங்கே கோடு இறங்கியது, ஏறவே இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவர் பென்சிலால் அந்தக் கோட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இந்த ஊரு பாறை இவ்ளோ நல்ல பாறை இல்லையே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு நிமிர்ந்து, "கீழ பைப்பு, கம்பி ஏதாச்சும் பொதைச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எங்க தாத்தன் காலத்துல இருந்து வெறும் மண்ணுதாங்க சார்" என்றார் பெரியப்பா.

"அப்ப குறுக்கால ஒரு லைன் போட்டுப் பாத்துடறேன். இந்தக் குச்சி அந்தப் பாக்குத் தோட்டத்துக்குள்ள போவணும்."

"அதெல்லாம் வேணாங்க. வேர்ல கரண்ட் பாஞ்சா மரம் பட்டுப்போவும்" என்றார் பெரியப்பா. சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா அண்ணன் பக்கம்தான் நின்றார். கடைசியில் சார், "தண்ணி இருக்கலாம். ஆனா குறுக்கால பாக்காம நான் உறுதி சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் வண்டிய வரச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறினார். அப்பா அன்று சாயங்காலமே டீக்கடையில், "மெஷின் சொல்லிடுச்சு, தண்ணி இருக்கு" என்று சொன்னார். "இருக்கலாம்" எப்போது "இருக்கு" ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. மகனே, நீ எந்த வேலைக்குப் போனாலும் சரி, ஒருவர் சொன்ன வார்த்தையின் வாலை வெட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகாதே. எங்கள் வீட்டில் ரத்தம் வந்தது அந்த வாலை வெட்டியதால்தான்.

போர் வண்டி போன வாரம் வந்தது. காது கிழியும் சத்தம். முதலில் செம்மண், பிறகு கொஞ்சம் ஈரமான மண். அப்பா அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு பாறை. வெள்ளைப் புகை தென்னை உயரத்துக்கு எழும்பி, எங்கள் தலையிலும் குச்சிக்கிழங்கு இலையிலும் மாவு மாதிரி படிந்தது. இன்னும் போடு, இன்னும் போடு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டிக்காரர் இன்ஜினை நிறுத்தி, "இதுக்கு மேல எறங்குனா பாறைக்குக் காசு குடுக்கற மாதிரிங்க" என்றார். அப்பா ஒரு கல்லை எடுத்து வண்டியின் கண்ணாடியில் அடித்தார். ஆட்கள் பிடித்துத் தள்ளினார்கள். விழுந்து எழுந்தார். முகம் முழுக்க வெள்ளைத் தூசி, கண் மட்டும் சிவப்பு. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "சார் இருக்கலாம்னுதானேப்பா சொன்னாரு, குறுக்கால பாக்கணும்னு..." என்றேன். அடுத்த நிமிடம் நான் தரையில் கிடந்தேன். அம்மா குறுக்கே விழுந்தாள். எனக்கு வரவேண்டிய அடியெல்லாம் அவள் முதுகில் விழுந்தது. அம்மா அழவே மாட்டாள். அடி விழும்போது எண்ணுவது போல் உதடு மட்டும் அசையும். அன்றைக்கும் அப்படித்தான்.

இன்று காலை சார் திரும்பி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. போர் பொய்த்துவிட்டது என்று கேள்விப்பட்டு அவராகவே வந்தார். பெட்டியையும் குச்சிகளையும் கொண்டுவந்திருந்தார். "அந்தக் கோடு எனக்குத் தூக்கத்த கெடுக்குதுங்கண்ணா. காசு வேணாம். குறுக்கால ஒரே ஒரு தடவை பாத்துடறேன்" என்றார். அப்பா அவர் கையில் இருந்த இரும்புக் குச்சியைப் பிடுங்கி, அதாலேயே அவர் தோளில் அடித்தார். சார் வரப்பில் சாய்ந்தார். பெட்டியைக் காப்பாற்றத்தான் கையை நீட்டினார். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. காய்ந்த கிழங்குக் குச்சி முறிவது போன்ற ஒரு சத்தம். பெட்டியை அப்பா கல்லில் மோதி உடைத்தார். வயர் எல்லாம் குடல் மாதிரி வெளியே வந்து கிடந்தது. சாலையில் போனவர்கள் நின்றார்கள், ஒருவரும் கிட்ட வரவில்லை. பெரியப்பா "டேய், வுட்றா, வுட்றா" என்று அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சார் தரையில் கிடந்தபடியே சொன்னார்: "கீழ இரும்பு இருக்குங்க. நிச்சயமா இரும்பு இருக்கு."

பெரியப்பா அப்பாவை விட்டுவிட்டார். திரும்பி சாரின் வாயில் உதைத்தார். ஒரு தடவை இல்லை. செருப்பு கழன்று போகும் வரைக்கும் உதைத்தார். அப்பாவே திகைத்து நின்றுவிட்டார்.

மகனே, நான் அந்த இடத்தில்தான் படித்தேன். வாழ்நாளெல்லாம் கை ஓங்காத ஒருவர் ஒரே ஒரு வார்த்தைக்குக் காலை ஓங்குகிறார் என்றால், அந்த வார்த்தைக்குக் கீழே ஏதோ புதைந்து கிடக்கிறது என்று அர்த்தம். சாரை யாரோ பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். எல்லோரும் கலைந்த பிறகு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரப்போரம் போனேன். நான் அன்று குச்சி நட்ட வரிசையிலேயே குத்திக்கொண்டு போனேன். மண், மண், கல். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். கையால் மண்ணை அள்ளிப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்புப் பைப். இந்தப் பக்கம் சாலையோரம் போகும் குடிதண்ணீர்க் குழாய். அந்தப் பக்கம் பாக்குத் தோட்டம். சார் தன் வயரை அந்தப் பைப்புக்கு மேலேயே, அது போகும் வாட்டத்திலேயே விரித்திருக்கிறார். அவர் விட்ட கரண்ட் பாறைக்குள் போகவே இல்லை. பைப்பிலேயே சுகமாக ஓடிவிட்டுத் திரும்பியிருக்கிறது. குறுக்கே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதனால்தான் பெரியப்பா குறுக்கே விடவில்லை. தெருக்குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிற தண்ணீருக்கு அம்மா குடத்தோடு நின்று வாங்காத ஏச்சு இல்லை. ஒரு தடவை மண்டை உடைந்து வந்தாள். அந்தத் தண்ணீர் நம் நிலத்துக்குக் கீழேயே, நமக்குத் தெரியாமலேயே, ராசியான கைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன்.

வந்தால் பெரியப்பா வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவன் ஸ்டேஷனுக்குப் போனா நீ உள்ளதான்டா. வாயத் தொறக்கறதுக்கு முன்ன போயிடணும். நானும் வர்றேன், உன்ன தனியா வுடுவனா?" மடியில் அருவாள் துண்டு சுற்றி இருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னா கண்ணு, தழையே இல்லாம வர்றே?" என்றார். குரல் எப்போதும் போல மெதுவாக இருந்தது. என் நகத்தில் செம்மண் இருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. இதை எழுதும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் தனியாகச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். நம்ப மாட்டார், என்னைக் கொல்வார். நம்புவார், பெரியப்பாவைக் கொல்வார். போலீஸுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணை அழுத்திப் பார்த்தேன். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டதும் கட் செய்துவிட்டேன். காலையில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் விடும் முறை. எல்லாப் பெண்களும் குடத்தோடு நிற்பார்கள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. அதை எழுதினால் பயம் வந்துவிடும். நடந்தால் எழுதுகிறேன். நடக்காவிட்டால் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காது, நீயும் இருக்க மாட்டாய்.

மகனே, இதை மறுநாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்குப் போகவில்லை. இடது காதில் வண்டு ஒன்று பறப்பது போல் ஓயாமல் கேட்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விடிந்ததும் அப்பா பல் விளக்கப் போனார். கட்டிலுக்குக் கீழே இருந்த இரண்டு அருவாள்களையும் பாவாடையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். பொய்த்துப் போன போரின் வாயைக் கல்லால் மூடி வைத்திருந்தார்கள். கல்லைப் புரட்டி, பிடி கீழாக ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். அவை குழாயில் இடித்து இடித்துப் போன சத்தம் வெகு நேரம் கேட்டது. தண்ணீரில் விழும் சத்தம் கடைசியிலாவது கேட்குமா என்று காது கொடுத்தேன். கேட்கவில்லை. பிறகு கடப்பாரையோடு வரப்புக்குப் போய் பைப்பின் மூட்டைத் தோண்டி எடுத்து, சுத்தியால் இரும்புக் குச்சியை அடித்த அதே வேகத்தில் அடித்தேன். துரு உதிர்ந்தது. மூட்டு வாய் பிளந்தது. முறைத் தண்ணீரை இன்னும் திறந்துவிடவில்லை போல, தண்ணீர் வரவில்லை. நான் அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பைப் இருமியது. காற்று வந்தது, துருத் தண்ணீர் வந்தது, பிறகு வெள்ளையாக என் மார்பை இடித்துத் தள்ளிவிட்டு மேலே எழுந்தது.

முதலில் ஓடிவந்தது அப்பாதான். அந்த முகத்தை உனக்கு எப்படிச் சொல்வது? சின்னப் பையன் முகம். "தண்ணிடீ! ஏ புள்ள, தண்ணிடீ!" என்று கத்திக்கொண்டு, நனைந்துகொண்டு, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த நொடியில்தான். அப்புறம் காலுக்குக் கீழே பார்த்தார். பைப்பைப் பார்த்தார். அது போகும் திசையைப் பார்த்தார். அதற்குள் தெருக்குழாயில் காற்று மட்டும் வந்ததால் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையைத் தாண்டி வந்துவிட்டார்கள். "இரும்பு" என்று நான் கத்தினேன். "சார் சொன்னாரில்லப்பா, இரும்பு!"

அப்பா கட்டிலை நோக்கி ஓடினார். கீழே கையை விட்டுத் துழாவினார். கட்டிலைத் தூக்கி எறிந்தார். அருவாள் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து, சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த பெரியப்பாவின் கழுத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். பெரியப்பா, "டேய், உன்னத் தூக்கி வளத்தவன்டா நானு" என்று மூச்சு முட்டச் சொன்னார். அப்பா அவர் முகத்தைத் தண்ணீரில் அழுத்தினார். "குடிறா! குடி! குடி!" அம்மாவும் நான்கைந்து பெண்களும் சேர்ந்து அப்பாவைப் பிய்த்து எடுத்தார்கள். பிறகு அதே பெண்கள் பெரியப்பாவைக் குடத்தாலேயே அடித்தார்கள். பிளாஸ்டிக் குடம் உடையும் அளவுக்கு அடித்தார்கள். "எம்புள்ளைக்குக் குடிக்கத் தண்ணியில்லாம பாக்குக்கு ஊத்துனியே, நீயெல்லாம் மனுசனா?" கடைசியில் அவர் பல் ஒன்றைத் துப்பிவிட்டு எழுந்து போனார். செத்திருப்பார். அருவாள் இருந்திருந்தால் நிச்சயம் செத்திருப்பார்.

எல்லாம் அடங்கியதும் அப்பா என்னிடம் வந்தார். "அருவா எங்கடி?"

"போர்ல போட்டுட்டேன்."

அடித்தார். காது அப்போது போனதுதான். அம்மா ஓடிவருவதற்குள் கையைத் தானே நிறுத்திக்கொண்டார். அந்தக் கையைத் தூக்கியபடியே, யாருடையதோ போல் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஈரத்தோடு சாலைக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. ஜியாலஜிஸ்ட் சார். வாய் வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "உங்க வூட்டுக்காரர் வந்தாருங்க. நான் பயந்து நர்ஸக் கூப்ட்டேன். அவரு கட்டில்கிட்ட வந்து ரொம்ப நேரம் நின்னாரு. என் கட்டுப் போட்ட கையவே பாத்தாரு. அப்பறம் போயிட்டாரு." அம்மா செல்போனைக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை அழாதவள் இன்று அழுதாள்.

மகனே, பெற்றோர் கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அருவாளைப் போரில் போட்டேன். கையைப் போட முடியவில்லை. அது அப்பாவின் தோளிலேயே இருக்கிறது. தாத்தாவின் கை பேரனுக்கு வரும் என்கிறார்கள்; உனக்கும் வரலாம். வந்தால் அதைக் கொண்டு குச்சி நடு, வயர் இழு, குழந்தையைத் தூக்கு. ஒரு எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதே. ஒரு திசையில் பார்த்தது போதும் என்று யாராவது சொன்னால், ஏன் குறுக்கே பார்க்கவிடவில்லை என்று கேள். உன் மனைவியோ மகளோ குரலைத் தாழ்த்திப் பேசினால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. பயத்திலும் அப்படித்தான் பேசுவோம்.

கடைசி பஸ் போய்விட்டது. வேலிப் படல் திறக்கிற சத்தம் என் வலது காதில் கேட்கிறது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். குரல் கம்மியாக இருக்கிறது. இவ்வளவு கம்மியாக அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. கம்மி என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை, மகனே. எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உன் அம்மா